ஸ்டீராய்டுக்குத் துணையாக எந்த மருந்து? தசை அழற்சி நோயில் எடுக்க வேண்டிய முடிவு

என் அக்கா அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியை. அவருக்குத் தசையில் ஏதோ குறை இருப்பதை முதலில் கண்டுகொண்டவர்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள்தாம். கரும்பலகையின் மேல் ஓரத்தில் தேதியையும் ஒரு குறளையும் எழுதிவிட்டுத்தான் அவர் பாடத்தைத் தொடங்குவார். அந்த எழுத்து வாரத்துக்கு வாரம் கீழே இறங்கிப் பலகையின் நடுவுக்கு வந்துவிட்டது. "டீச்சர், மேல எழுதுங்க, பின்னாடி தெரியல" என்று ஒரு பிள்ளை சொன்னபோதுதான், தோளுக்கு மேலே தூக்கிய கை தன்னால் நிற்காமல் சரிந்து விழுவதை அவர் தமக்கே ஒப்புக்கொண்டார். அதற்குப் பிறகு தலை பின்னிக்கொள்ளும்போது பாதியிலேயே கையை மடியில் போட்டு ஓய்வெடுத்தார். தரையில் உட்கார்ந்து சாப்பிட்டால் எழுவதற்குச் சுவரைப் பிடித்தார். இரவில் தொடைகள் வலித்தன. வீட்டில் எல்லோரும் வாயுப் பிடிப்பு என்றே சொன்னோம்.

அதற்கு அடுத்த இரண்டு மாதங்களை ஒரு தவறான ஊகத்தில் இழந்தோம். நாங்கள் முதலில் காட்டிய இடத்தில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி இரண்டும் உயர்ந்திருந்ததால் கல்லீரல் நோய் என்று முடிவு செய்து அதற்கு மாத்திரை கொடுத்தார்கள். நாங்களும் எங்கள் பங்குக்குக் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம். அந்த இரண்டு நொதிகளும் கல்லீரலில் மட்டுமல்லாமல் தசையிலும் இருக்கின்றன என்பதும், தசைச் செல்கள் சிதையும்போது அவையும் இரத்தத்தில் கலக்கும் என்பதும் எங்களுக்குத் தெரியவில்லை. கண்ணிமைகளில் ஊதாச் சாயலும் விரல் முட்டிகளின் மேல் சிவந்த தடிப்பும் தோன்றிய பிறகு, ஒரு தோல் மருத்துவர் அவற்றைப் பார்த்த மாத்திரத்தில் சிகே எனப்படும் கிரியேட்டின் கைனேஸ் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். சில நூறு என்ற அளவுக்குள் இருக்க வேண்டிய எண் 4,800 என்று வந்தது. நோயின் பெயர் டெர்மடோமயோசைடிஸ், மயோசைடிஸ் எனப்படும் தசை அழற்சி நோய்களில் ஒன்று: உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் தன் தசையையும் தோலையும் தானே தாக்கும் தன்னுடல் தாக்கு நோய்.

இந்தக் கட்டுரை அதற்கு அடுத்து எடுக்க வேண்டிய முடிவைப் பற்றியது. ஏறத்தாழ எல்லா நோயாளிகளுக்கும் முதல் மருந்து ஸ்டீராய்டுதான். அதில் தேர்வுக்கு அதிக இடமில்லை. அதனுடன் சேர்த்து நீண்ட நாள் எடுக்க வேண்டிய இரண்டாவது மருந்து எது என்பதில்தான் நோயாளியும் குடும்பத்தாரும் மருத்துவரோடு உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது. அந்தப் பேச்சில் பெரும்பாலானவர்கள் கேட்கும் கேள்வி "எது வீரியமான மருந்து?" என்பது. நாங்களும் அதையே கேட்டோம். கேட்க வேண்டிய கேள்வி அதுவன்று என்பது என் உறுதியான எண்ணம். நுரையீரல் எப்படி இருக்கிறது, குழந்தை பெறும் எண்ணம் உண்டா, மாதந்தோறும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள முடிகிற ஊரில் இருக்கிறோமா என்ற மூன்று கேள்விகள்தான் மருந்தைத் தீர்மானிக்கின்றன.

அதற்கு முன்பாக, நோய் இதுதானா என்பது உறுதியாக வேண்டும். தசை வலியும் சோர்வும் வந்தவர்கள் எல்லோருக்கும் தசை அழற்சி இருப்பதில்லை. தைராய்டு சுரப்பு குறைந்தாலும், வைட்டமின் டி மிகவும் குறைந்து எலும்பு மென்மையானாலும், இடுப்பையும் தோளையும் சுற்றிய தசைகள் இதேபோல் தளரும். கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைகளும் தசையைப் பாதிக்கும். ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு வரும் பாலிமயால்ஜியா ருமாட்டிகாவில் காலையில் தோளும் இடுப்பும் கடுமையாக வலித்து இறுகிக் கிடக்கும், ஆனால் சிகே இயல்பாக இருக்கும், தசையின் பலமும் குறையாது. அதற்கு நாளொன்றுக்கு 15 மி.கி. அளவிலான பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டே சில நாட்களில் வியக்கத்தக்க நிவாரணம் தந்துவிடும். தசை அழற்சியில் நிலைமை தலைகீழ்: வலி மிதமாக இருக்கலாம் அல்லது இல்லாமலே போகலாம், பலம் குறைவதுதான் அதன் அடையாளம். முதியவர்களுக்கு வரும் இன்க்ளூஷன் பாடி மயோசைடிஸ் என்ற வகையில் விரல்களை மடக்கும் தசைகளும் தொடையின் முன்தசைகளும் மெல்ல மெலியும். அதற்கு இங்கே சொல்லப்போகும் மருந்துகள் பெரிதாக உதவுவதில்லை என்பதால், அந்த நோயாளிக்கு இந்த ஒப்பீடு முழுவதுமே பொருந்தாது. மயோசைடிஸ் எதிரணுப் (ஆன்டிபாடி) பரிசோதனை, தசையின் எம்ஆர்ஐ, தேவைப்பட்டால் தசைத் திசு ஆய்வு ஆகியவற்றைச் செய்து வகையை நிச்சயித்துக்கொண்ட பிறகே மருந்தைப் பற்றிய விவாதத்துக்குப் பொருள் உண்டு. வயது வந்தவர்களுக்கு டெர்மடோமயோசைடிஸ் வந்தால் உடலில் எங்காவது புற்றுநோய் மறைந்திருக்கிறதா என்றும் தேடுவார்கள். அதைக் கேட்டு நாங்கள் இரண்டு இரவுகள் தூங்கவில்லை. ஆனால் நோய் கண்டறிந்ததற்கு முன்னும் பின்னுமான மூன்று ஆண்டுகளில் அந்த அபாயம் கூடுதல் என்பதால் அந்தத் தேடலைத் தவிர்க்கக் கூடாது.

ஸ்டீராய்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வழக்கமாக உடல் எடையில் கிலோவுக்கு 1 மி.கி. என்ற கணக்கில் பிரெட்னிசோலோன் தொடங்கப்படுகிறது. விழுங்குவதற்கோ மூச்சு விடுவதற்கோ சிரமம் இருந்தால், நரம்பு வழியாக மெத்தில்பிரெட்னிசோலோன் மூன்று முதல் ஐந்து நாட்கள் செலுத்தப்படும். 50 கிலோ எடையுள்ள அக்காவுக்கு 50 மி.கி. கொடுத்தார்கள். மூன்றாவது வாரத்தில் சுவரைப் பிடிக்காமல் எழுந்தார். இந்த முன்னேற்றத்தைப் பார்த்ததும் "இதுவே போதுமே, இன்னொரு மருந்து எதற்கு?" என்று குடும்பத்தில் யாராவது சொல்வார்கள், எங்கள் வீட்டிலும் சொன்னார்கள். இரண்டாவது மருந்தைத் தள்ளிப்போடுவது பெரிய பிழை. இந்த அளவு ஸ்டீராய்டை மாதக்கணக்கில் எடுத்தால் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏறும், எலும்பு தேயும், கண்ணில் புரை விழும், காசநோய் போன்ற தொற்றுகள் தலைதூக்கும். குறைக்கத் தொடங்கினால் நோய் திரும்பும். இரண்டாவது மருந்து முழு வேலை காட்டுவதற்கு வாரங்களோ மாதங்களோ ஆகும் என்பதால், ஸ்டீராய்டு நம்மைத் தாங்கிக்கொண்டிருக்கும்போதே அதைத் தொடங்கியாக வேண்டும்.

பெரும்பாலான வாதநோய் மருத்துவர்கள் (ருமட்டாலஜிஸ்ட்) முதலில் எண்ணுவது மெத்தோட்ரெக்ஸேட். லெடர்லே ஆய்வகத்தில் எல்லாப்ரகட சுப்பாராவின் குழு 1940களில் உருவாக்கிய மருந்து இது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த ஒருவரின் உழைப்பு இன்று நம் ஊர் மருந்துக் கடைகளில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது என்பதை நினைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. மருந்து வேலை செய்யத் தொடங்க 6 முதல் 12 வாரங்கள் ஆகும். தசைக்கு மட்டுமல்லாமல் தோல் தடிப்புக்கும் மூட்டு வலிக்கும் சேர்த்து உதவும். வாரத்துக்கு ஒரே ஒரு நாள் மட்டும் எடுக்க வேண்டும் என்பதே இதன் பெரிய வசதி. இதன் பெரிய ஆபத்தும் அதுவே. வாரம் ஒருமுறை எடுக்க வேண்டியதைத் தவறுதலாகத் தினமும் எடுத்து, எலும்பு மஜ்ஜை செயலிழந்து இறந்தவர்கள் உலகெங்கும் உண்டு. இதனோடு கொடுக்கப்படும் ஃபோலிக் அமில மாத்திரையும் பெரும்பாலும் இதைப் போலவே சிறிய மஞ்சள் மாத்திரைதான் என்பதால், கண் மங்கிய பெரியவர்கள் இரண்டையும் மாற்றி எடுத்துவிடும் வாய்ப்பு உண்மையிலேயே இருக்கிறது. எங்கள் பக்கத்துத் தெருவில் முடக்கு வாதத்துக்கு இதை எடுக்கும் ஒரு அம்மா, தினசரி நாள்காட்டியின் எல்லாச் செவ்வாய்க்கிழமைத் தாள்களிலும் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, மாத்திரை அட்டையைத் தம் மருமகளிடம் கொடுத்து வைத்திருக்கிறார். வட்டம் போட்ட தாளைக் கிழிக்கும் நாளில்தான் மாத்திரை வெளியே வரும். இவ்வளவு எளிய ஏற்பாடு போதும். ஆனால் ஏதாவது ஓர் ஏற்பாடு கட்டாயம் வேண்டும்.

மெத்தோட்ரெக்ஸேட் எடுப்பவர்கள் மதுவை விட வேண்டும், கல்லீரல் நொதிகளையும் இரத்த அணுக்களையும் தொடக்கத்தில் சில வாரங்களுக்கு ஒருமுறையும் பிறகு இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறையும் பார்க்க வேண்டும். தசை அழற்சியில் இங்கே ஒரு சிக்கல் உண்டு: நோயாலேயே எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி உயர்ந்திருக்கும்போது, அது மருந்தால் வந்த கல்லீரல் பாதிப்பா, தசையிலிருந்து கசிந்ததா என்று பிரித்தறிய வேண்டியிருக்கிறது. தசையில் அதிகம் இல்லாத ஜிஜிடி என்ற நொதியையும் சேர்த்துப் பார்த்தால் குழப்பம் தெளியும். சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்து என்பதால் சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இது ஏற்றதன்று. ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு நுரையீரல் தொற்றைத் தடுக்கச் சில வேளைகளில் கோட்ரைமாக்சசோல் கொடுப்பதுண்டு. அது மெத்தோட்ரெக்ஸேட்டோடு சேர்ந்தால் இரத்த அணுக்கள் அபாயகரமாகக் குறையலாம். சளி, சிறுநீர்த் தொற்று என்று வேறொரு மருத்துவரிடம் போகும்போதும் இந்த மருந்துச் சீட்டைக் காட்டாமல் எதையும் வாங்கக் கூடாது.

முடிவுக்கு முன் நாங்கள் பார்க்க வேண்டியிருந்தவை வேறு இரண்டு. முதலாவது நுரையீரல். தசை அழற்சி உள்ளவர்களில் கணிசமானவர்களுக்கு, குறிப்பாக ஜோ-1 போன்ற எதிரணுக்கள் உள்ளவர்களுக்கு, நுரையீரல் திசு அழற்சியும் கூடவே வரும். மெத்தோட்ரெக்ஸேட்டும் அரிதாக நுரையீரல் அழற்சியை உண்டாக்கக்கூடியது. ஏற்கெனவே நுரையீரல் பாதிக்கப்பட்டவருக்கு இந்த மருந்தைக் கொடுத்து, பிறகு மூச்சுத் திணறல் வந்தால் குற்றவாளி நோயா மருந்தா என்று தெரியாமல் தவிக்க நேரும் என்பதால் பல மருத்துவர்கள் அங்கே இதைத் தவிர்க்கிறார்கள். அக்காவின் மார்பு சிடி ஸ்கேன் தெளிவாக இருந்தது, எதிரணு மி-2 வகை. அந்தத் தடை எங்களுக்கு இல்லை. இரண்டாவது தடை இருந்தது. அக்காவுக்கு வயது 33, இன்னொரு குழந்தை வேண்டும் என்று அவரும் மாமாவும் எண்ணியிருந்தார்கள். மெத்தோட்ரெக்ஸேட் கருவைச் சிதைக்கும், கடுமையான பிறவிக் குறைகளை உண்டாக்கும். எடுக்கும் காலம் முழுவதும் உறுதியான கருத்தடை வேண்டும், கருத்தரிக்க முயல்வதற்குச் சில மாதங்கள் முன்பே நிறுத்த வேண்டும். நிறுத்தும் அந்த மாதங்களில் நோய் மீண்டும் கிளம்பினால் என்ன செய்வது என்ற கேள்விக்கு எங்களிடம் விடையில்லை.

அசதயோபிரின் அந்த இடத்தில் முன்னுக்கு வருகிறது. கர்ப்ப காலத்திலும் தொடரக்கூடியவை என்று வாதநோய் மருத்துவர்கள் ஏற்றுக்கொண்டுள்ள மருந்துகளில் இதுவும் ஒன்று. நுரையீரல் பாதிப்பு உள்ளவர்களுக்கும் இதைக் கொடுக்கிறார்கள். இதன் குறை வேகம். முழுப் பலன் தெரிய 3 முதல் 6 மாதங்கள் ஆகும். 1980இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில் 16 நோயாளிகளில் சிலருக்கு ஸ்டீராய்டு மட்டும், சிலருக்கு ஸ்டீராய்டோடு அசதயோபிரினும் கொடுத்து மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது வேறுபாடு எதுவும் தெரியவில்லை. அதே நோயாளிகளை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோதுதான், அசதயோபிரின் எடுத்தவர்கள் நன்றாக இயங்கினார்கள் என்பதும் அவர்களுக்குக் குறைந்த ஸ்டீராய்டே போதுமாக இருந்தது என்பதும் வெளிப்பட்டன. ஆய்வு மிகச் சிறியது. ஆனாலும் மூன்றாம் மாதம் மனம் சோர்ந்து மாத்திரையை நிறுத்த நினைக்கும் நோயாளிக்கு இதைவிடப் பொருத்தமான செய்தி வேறில்லை என்று நினைக்கிறேன்.

அசதயோபிரினின் ஆபத்து வெள்ளணுக்கள் திடீரெனக் குறைவது. இந்த மருந்தைச் சிதைத்து வெளியேற்றும் நொதிகள் சிலருக்குப் பிறவியிலேயே மந்தமாக இருக்கும். மேலை நாட்டு நூல்கள் இதற்கு டிபிஎம்டி என்ற நொதியைச் சோதிக்கச் சொல்கின்றன. ஆனால் ஆசிய மக்களிடம் என்யுடிடி15 என்ற மரபணுவின் மாறுபாடுதான் கூடுதலாகக் காணப்படுகிறது. அந்த மாறுபாடு உள்ளவர்களுக்குத் தொடங்கிய சில வாரங்களிலேயே முடி கொத்துக் கொத்தாகக் கொட்டி, வெள்ளணுக்கள் சரியும். ஆகவே டிபிஎம்டி மட்டும் சரியாக இருக்கிறது என்று நிம்மதி அடைய முடியாது. மரபணுப் பரிசோதனை செய்ய முடியாத இடத்தில், 50 மி.கி. அல்லது அதற்கும் குறைவாகத் தொடங்கி, முதல் இரண்டு மாதங்கள் ஒன்றிரண்டு வாரங்களுக்கு ஒருமுறை இரத்த அணுக்களை எண்ணிப் பார்த்து, மெல்ல கிலோவுக்கு 2 மி.கி. அளவுக்கு உயர்த்துவதே பாதுகாப்பு. இன்னொரு எச்சரிக்கை: யூரிக் அமிலத்துக்கு எடுக்கும் அல்லோபியூரினாலோ ஃபெபக்சோஸ்டாட்டோ இதனுடன் சேர்ந்தால் அசதயோபிரின் உடலில் தேங்கி நச்சாகிவிடும். 1988இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிச்சிங்ஸும் நடத்திய அதே ஆய்வகத்திலிருந்துதான் அசதயோபிரினும் அல்லோபியூரினாலும் வந்தன. ஒரே வீட்டில் பிறந்த இந்த இரண்டு மருந்துகளை ஒரே ஆளுக்குக் கொடுப்பதில் அவ்வளவு ஆபத்து இருக்கிறது. குடும்பத்தில் கௌட் எனப்படும் யூரிக் அமில மூட்டு வலி உள்ள பெரியவர்களின் மாத்திரை டப்பாவை, தசை அழற்சி உள்ளவரின் டப்பாவோடு கலக்காமல் வைப்பது நல்லது.

மைகோபினோலேட் நுரையீரலும் தோலும் அதிகம் பாதிக்கப்பட்டவர்களுக்கு நல்ல தேர்வு. நாளொன்றுக்கு 2 கிராம் அளவில் இரண்டு வேளையாகப் பிரித்து எடுக்க வேண்டும். வயிற்றுப்போக்கும் குமட்டலும் பலருக்கு உண்டு, மெத்தோட்ரெக்ஸேட்டை விடச் செலவும் கூடுதல். கருவுக்குத் தீங்கு செய்வதில் மெத்தோட்ரெக்ஸேட்டுக்கு நிகரானது என்பதால் எங்களுக்கு இது அங்கேயே விலகிவிட்டது. நுரையீரல் அழற்சி தீவிரமாக இருக்கும்போது டாக்ரோலிமஸையும் சேர்ப்பார்கள். அதற்குச் சிறுநீரகத்தையும் இரத்தத்தில் மருந்தின் அளவையும் அடிக்கடி அளக்க வேண்டும். எம்டிஏ-5 என்ற எதிரணு உள்ளவர்களின் நிலை முற்றிலும் தனி. அவர்களுக்குத் தசை ஏறத்தாழ நன்றாக இருந்தும் நுரையீரல் சில வாரங்களில் மோசமாகக்கூடும். ஆற அமர மருந்தை ஒப்பிட்டுக்கொண்டிருக்காமல் உடனே பெரிய மருத்துவமனைக்குப் போய்விட வேண்டியவர்கள் அவர்கள்.

மேற்சொன்ன மாத்திரைகள் பலிக்காதபோதோ, விழுங்க முடியாமல் உணவு மூச்சுக்குழாய்க்குள் போகும் அளவுக்கு நோய் முற்றியிருக்கும்போதோ வருபவை இரண்டு: ஐவிஐஜி, ரிட்டுக்ஸிமாப். ஐவிஐஜி என்பது ஆயிரக்கணக்கான கொடையாளர்களின் இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிரணுப் புரதம். தசை அழற்சிக்கான மருந்துகளில் வலுவான சான்று உள்ளது இதற்குத்தான் என்பேன்: 95 டெர்மடோமயோசைடிஸ் நோயாளிகளிடம் நடத்தி 2022இல் வெளியிட்ட ஆய்வில், 16 வாரங்களுக்குப் பிறகு இதைப் பெற்றவர்களில் 79 விழுக்காட்டினர் முன்னேறினர், வெற்று மருந்து பெற்றவர்களில் 44 விழுக்காட்டினர். நோய் எதிர்ப்பை ஒடுக்காத மருந்து என்பதால் தொற்று உள்ளவருக்கும் கொடுக்கலாம், கர்ப்பிணிக்கும் கொடுக்கலாம். தலைவலி பலருக்கு வரும். இரத்தம் உறைந்து அடைக்கும் அபாயமும் உண்டு. செலவுதான் பெரிய தடை. கிலோவுக்கு 2 கிராம் என்பதால் அக்காவுக்கு ஒரு சுற்றுக்கு 100 கிராம், அதாவது 5 கிராம் குப்பிகள் இருபது. அதை இரண்டு முதல் ஐந்து நாட்களில் சொட்டுச் சொட்டாக ஏற்றி, நான்கு வாரங்களுக்கு ஒருமுறை மாதக்கணக்கில் தொடர வேண்டும். வெளியே வாங்கினால் ஒரு சுற்றே இலட்சத்தைத் தாண்டும். முதல் மருந்தாக இதை எழுதிக் கொடுத்தால் வீட்டை அடகு வைக்கக் கிளம்பும் முன், இப்போதே இது ஏன் தேவை என்று ஒருமுறை கேட்பதில் தவறில்லை; விழுங்கும் தசை பாதிக்கப்பட்டிருக்கிறது என்பது பதிலானால், தயங்காமல் ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

ரிட்டுக்ஸிமாப் எதிரணுக்களை உருவாக்கும் பி செல்களை அழிக்கிறது. 200 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2013இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், மருந்தை முன்கூட்டியே பெற்றவர்களுக்கும் எட்டு வாரம் பிந்திப் பெற்றவர்களுக்கும் இடையே முன்னேற்றத்தின் வேகத்தில் வேறுபாடு இல்லாததால், ஆய்வு தான் நிரூபிக்க முயன்றதை நிரூபிக்கவில்லை. இருந்தும், மற்ற மருந்துகளுக்கு அடங்காத அந்த நோயாளிகளில் 83 விழுக்காட்டினர் ஆய்வின் முடிவுக்குள் முன்னேறியிருந்தனர். இந்தியாவிலேயே இதன் நகல் மருந்துகள் தயாராவதால் ஐவிஐஜியோடு ஒப்பிட்டால் செலவு குறைவு. இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை ஏற்றினால் பல மாதங்கள் தாங்கும். ஏற்றுவதற்கு முன் ஹெபடைட்டிஸ் பி பரிசோதனை கட்டாயம், ஏனென்றால் உடலில் உறங்கிக் கிடக்கும் அந்த வைரஸ் விழித்தெழுந்து கல்லீரலை அழித்துவிடலாம். போட வேண்டிய தடுப்பூசிகளையும் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். பி செல்கள் இல்லாத உடலில் தடுப்பூசி சரியாக வேலை செய்யாது.

நாங்கள் அசதயோபிரினைத் தேர்ந்தெடுத்தோம். மருத்துவர் முதலில் எழுத நினைத்தது மெத்தோட்ரெக்ஸேட்; குழந்தை பற்றிய எண்ணத்தை அக்கா கூச்சத்தோடு சொன்ன பிறகுதான் பேனாவை நிறுத்தினார். அதைச் சொல்லாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன். பெண்கள் இதைத் தாமாகச் சொல்லத் தயங்குகிறார்கள். மருத்துவருக்கும் வெளிநோயாளிப் பிரிவின் நெரிசலில் கேட்க மறந்துபோகலாம். திருமணமாகாத பெண்ணாக இருந்தாலும் இந்தப் பேச்சு நடந்தே ஆக வேண்டும். மாமாவுக்கு இருந்த கவலை வேறு: எங்கள் ஊரில் இரத்தம் எடுக்க நல்ல ஆய்வகம் உண்டு, ஆனால் முடிவைப் பார்த்துச் சொல்ல ஆள் இல்லை. வாதநோய்க்குத் தனித் துறை சென்னை அரசுப் பொது மருத்துவமனை, வேலூர் சிஎம்சி போன்ற இடங்களில் இருக்கிறது; ஒவ்வொரு பரிசோதனைக்கும் அங்கே போய் வர முடியாது. எனவே எந்த எண் எவ்வளவுக்குக் கீழே போனால் மாத்திரையை அன்றே நிறுத்திவிட்டுக் கூப்பிட வேண்டும் என்பதை மருத்துவரிடமே கேட்டு, கோப்பின் முதல் பக்கத்தில் எழுதி வாங்கிக்கொண்டோம். 50 மி.கி.யில் தொடங்கி, அணுக்கள் சரியாக இருந்ததால் ஆறாவது வாரத்தில் 100 மி.கி. ஆனது.

எந்த மருந்தைத் தேர்ந்தாலும், அது தோற்றுவிட்டதா என்று முடிவு செய்வதில் இன்னொரு பொறி இருக்கிறது. ஒன்பதாவது மாதத்தில், ஸ்டீராய்டு 10 மி.கி.க்கு வந்திருந்தபோது, அக்காவுக்குப் படியேற மறுபடியும் சிரமமானது. நோய் திரும்பிவிட்டது, அசதயோபிரின் பயனில்லை, ஊசிக்கு மாறிவிடலாம் என்று நாங்களே தீர்மானித்துக்கொண்டு போனோம். மருத்துவர் அவரை நாற்காலியில் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து எழச் சொன்னார், படுத்தபடி தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொன்னார். தலை எளிதாக எழுந்தது, தொடைதான் தளர்ந்திருந்தது. தோலில் புதுத் தடிப்பு இல்லை, சிகே 140. நோய் திரும்பியிருந்தால் பெரும்பாலும் கழுத்துத் தசையும் தளரும், சிகேயும் ஏறும். இது நீண்ட நாள் ஸ்டீராய்டு தொடைத் தசையை மெலியச் செய்ததால் வந்தது என்றார். இங்கே ஸ்டீராய்டைக் கூட்டியிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும். அவர் அதை 7.5 மி.கி.யாகக் குறைத்தார், அசதயோபிரினைத் தொடவில்லை, இயன்முறை மருத்துவரிடம் அனுப்பி நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சியை நாள்தோறும் இரண்டு வேளை செய்யச் சொன்னார். இரண்டு மாதங்களில் அக்கா பள்ளியின் மாடிப்படியைக் கைப்பிடியைத் தொடாமல் ஏறினார்.